குறைந்த காசில் நல்ல துப்பாக்கி: டர்பனில் நம்மவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் வரும். "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். வார இறுதிகளில் நான் ஷூட்டிங் ரேஞ்சில் நின்று புதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவன் என்று தெரிந்தவர்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கேட்பவர்கள் பல மடங்கு கூடிவிட்டார்கள். கடைவீதி எரிந்ததைப் பார்த்தவர்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பயத்தில் கடைக்கு ஓடுகிறவர்கள் தவறான பொருளைத் தவறான விலைக்கு வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணா, இருக்கிறதிலேயே விலை குறைஞ்ச, ஆனா நல்ல துப்பாக்கி எது?

வீட்டுப் பாதுகாப்புக்கு முதல் துப்பாக்கி என்றால் என் பதில் இரண்டு. ஒன்று, நல்ல நிலையில் இருக்கும் பழைய .38 ஸ்பெஷல் ரிவால்வர். இரண்டு, டாரஸ், நோரின்கோ, கானிக் போன்ற கம்பெனிகளின் புதிய 9 மி.மீ. பிஸ்டல். இவை பெயர்பெற்ற ஐரோப்பிய பிஸ்டல்களைவிட நன்றாகவே மலிவு. சில மாடல்கள் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்.

இந்தப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள். காசு எங்கே போகிறது என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

துப்பாக்கி விலையைத் தவிர வேற என்ன செலவு?

பயிற்சிக் கட்டணம், காம்பிடென்சி (துப்பாக்கி வைத்திருக்க நீங்கள் தகுதியானவர் என்ற சான்று) விண்ணப்பக் கட்டணம், லைசென்ஸ் விண்ணப்பக் கட்டணம், சுவரில் போல்ட் போட்டு இறுக்கும் சேஃப், இடுப்பு உறை, கூடுதல் மேகசின் (பிஸ்டலுக்குள் செருகும் தோட்டாப் பெட்டி), பழகுவதற்கான தோட்டா, ரேஞ்ச் கட்டணம். இவற்றைக் கூட்டினால் மலிவு பிஸ்டலின் விலையை எளிதாக எட்டிவிடும். ஆகவே கையில் இருக்கும் தொகையில் பாதியைத்தான் துப்பாக்கிக்கு ஒதுக்க வேண்டும். மீதிப் பாதி இல்லாமல் வாங்கிய துப்பாக்கி, எண்ணெய்க்குக் காசில்லாமல் வாங்கிய விளக்கு மாதிரிதான்.

பலரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி டீலரின் பெட்டகத்தில்தான் இருக்கும். அது பல மாதம் ஆகலாம். சில கடைகள் அதற்கு மாதவாடகை வாங்குகின்றன. என் முதல் பிஸ்டலை நான் காம்பிடென்சிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே அவசரப்பட்டுக் காசு கட்டி எடுத்து வைத்தேன். அது ஒரு வருடத்துக்கு மேல் கடையிலேயே கிடந்தது. அந்த வாடகைக் காசில் இரண்டு பெட்டித் தோட்டா வாங்கி நன்றாகப் பழகியிருக்கலாம். காசு கட்டுமுன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: வாடகை எவ்வளவு, லைசென்ஸ் மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும்.

நான் வேலை விசாவுல சென்னையிலேர்ந்து வந்தவன். நான் வாங்க முடியுமா?

முடியாது. காம்பிடென்சி சான்று கிடைக்க நீங்கள் தென்னாப்பிரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நண்பரின் பெயரில் வாங்கி நம் வீட்டில் வைத்துக்கொள்வது என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது இருவருக்குமே குற்றம்.

ரேஞ்சுக்கு வந்து, லைசென்ஸ் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் சுட்டுப் பழக உங்களுக்குத் தடையில்லை. வீட்டுக்கு வேறு பாதுகாப்பு என்ன என்று யோசியுங்கள். இரும்புக் கதவு, அலாரம், அக்கம்பக்கத்தார் குழு, மிளகு ஸ்ப்ரே எதற்கும் லைசென்ஸ் வேண்டாம். பெரும்பாலான வீடுகளுக்கு இவைதான் முதலில் செய்ய வேண்டிய செலவு. குடிமக்களுக்கும் இதையே சொல்கிறேன்.

எங்கேயிருந்து தொடங்கணும்? ஒண்ணும் புரியல.

இங்கே நடைமுறையில் இருப்பது 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2004 ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. முதலில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சட்டத் தேர்வும், கைத்துப்பாக்கிக்கான செயல்முறைத் தேர்வும் எழுத வேண்டும். ரைஃபிள், ஷாட்கன் வேண்டுமென்றால் அதற்குத் தனித்தனியாகத் தேற வேண்டும். பிறகு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் துப்பாக்கி விவகாரங்களுக்கென்று இருக்கும் அதிகாரியிடம் காம்பிடென்சிக்கு விண்ணப்பம். எல்லோரும் அவரை டி.எஃப்.ஓ. என்பார்கள். கைரேகை எடுப்பார்கள், பழைய வழக்கு எதுவும் உண்டா என்று பார்ப்பார்கள்.

காம்பிடென்சி என்பது உங்களைப் பற்றிய சான்று. லைசென்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, அதன் சீரியல் எண்ணோடு தரப்படுவது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சான்று வந்த பிறகு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டி, அந்தச் சீரியல் எண்ணுக்கு காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 271 படிவத்தில் விண்ணப்பியுங்கள். கோப்பு பிரிட்டோரியாவில் உள்ள மத்தியப் பதிவகத்துக்குப் போய்த் திரும்பும். ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கோப்பு தொலைந்துபோனால் ரசீது ஒன்றுதான் உங்கள் சாட்சி.

ஒருத்தர் எத்தனை வெச்சுக்கலாம்?

தற்காப்புக்கு, அதாவது 13-ஆம் பிரிவில், ஒன்றே ஒன்று. கைத்துப்பாக்கியாகவோ, தானாகத் தோட்டா ஏற்றாத ஷாட்கன்னாகவோ இருக்கலாம். அவ்வப்போது வேட்டை, விளையாட்டு என்று 15-ஆம் பிரிவில் நான்கு வரை வாங்கலாம். அதில் கைத்துப்பாக்கி ஒன்றுதான் இருக்க முடியும். தற்காப்பு லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால் நான்கு மூன்றாகும். அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்ந்து முறையாக ஈடுபடுகிறவர்களுக்கு 16-ஆம் பிரிவு. குறைந்த காசில் தொடங்குகிறவர் ஒன்றோடு நிற்பதே நல்லது. இரண்டாவது துப்பாக்கிக்கான பணத்தை முதலாவதில் பழகச் செலவிடுங்கள்.

மோட்டிவேஷன்னு ஏதோ கேக்கிறாங்களே, அதுல என்ன எழுதறது?

உங்களுக்கு ஏன் தற்காப்புத் துப்பாக்கி தேவை, வேறு வழியில் அந்தத் தேவை ஏன் தீராது என்று எழுதும் விளக்கக் கடிதம். சட்டம் இந்த இரண்டையுமே கேட்கிறது. "நாட்டில் குற்றம் அதிகம்" என்று பொதுவாக எழுதினால் அது எல்லோர் கடிதமும் போலத்தான் இருக்கும். உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள். அதிகாலை 4 மணிக்குக் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிறீர்களா? கடை வசூலை நீங்களே வங்கிக்குக் கொண்டுபோகிறீர்களா? வீட்டில் இதற்குமுன் திருட்டு நடந்திருந்தால் காவல் நிலைய வழக்கு எண்ணைக் குறிப்பிடுங்கள். சுவர், கதவு, அலாரம் ஆகியவற்றின் படங்களை இணையுங்கள். மற்ற வழிகளை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்பதற்கு அவை ஆதாரம்.

காசுக்கு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். உங்கள் கதையை நீங்களே எழுதினால் செலவும் இல்லை, உண்மையும் இருக்கும். மறுத்துவிட்டால், மறுப்புக் கடிதம் கிடைத்த 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ரிவால்வரா, பிஸ்டலா? என் மனைவியும் புரிஞ்சுக்கணும்.

கேள்வியின் இரண்டாவது பாதியை முதலில் எடுக்கிறேன். துப்பாக்கி உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் கண்முன், உங்கள் மேற்பார்வையில்தான் மனைவி அதைக் கையாளலாம். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது சேஃப் சாவி அவரிடம் இருப்பது சட்டத்துக்கு ஒத்துவராது. அவருக்கும் வேண்டுமென்றால் அவரும் தேர்வு எழுதி, தம் பெயரில் வாங்க வேண்டும்.

ரிவால்வரில் மேகசின் இல்லை, பாதுகாப்புப் பொத்தான் இல்லை, தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது உருளையைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வரும். மாதக் கணக்கில் சும்மா கிடந்தாலும் ஸ்பிரிங் தளர்ந்து சிக்கல் கொடுப்பது அபூர்வம். ஆனால் ஐந்தோ ஆறோ தோட்டாதான், விசையும் கனமாக இருக்கும். வயதானவர்கள் விரல் வலி என்பார்கள். பிஸ்டலில் 12, 15 என்று தோட்டா கொள்ளும், விசை லேசு. சிக்கினால் சரிசெய்யப் பழகியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்கு வருவேன் என்பவருக்குப் பிஸ்டல். வருடத்துக்கு இரண்டு தடவைதான் முடியும் என்று உண்மையைச் சொல்பவருக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன்.

இந்த டாரஸ், நோரின்கோ எல்லாம் க்ளாக் பக்கத்துல நிக்குமா?

வீட்டுக்காரருக்கு நிற்கும். போட்டியில் வருடம் ஆயிரக்கணக்கில் சுடுகிறவருக்கு க்ளாக், சி.இஸட். போன்ற ஐரோப்பிய பிஸ்டல்கள் பக்கம் போவதில் நியாயம் உண்டு. டாரஸ் ஜி2சி பிரேசில் கம்பெனியின் சிறிய பிஸ்டல், 12 தோட்டா, சட்டைக்குள் மறையும். விசையின் இழுப்பு நீளம், அதற்குப் பழக வேண்டும். நோரின்கோ என்.பி.22 சீனாவில் செய்தது. சுவிஸ்-ஜெர்மன் சிக் பி226-இன் அச்சு. எடை அதிகம், பூச்சு அழகாக இராது. ஆனால் அந்த எடையே சுடும்போது கை எகிறுவதைக் குறைக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் அதில் நன்றாகச் சுடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். துருக்கியின் கானிக் டி.பி.9, வால்தர் பி99-ஐ ஒட்டிய வடிவம். அதன் விசை விலைக்கு மீறிய நயம். இந்த மூன்றில் காசுக்கு ஏற்ற பொருள் எது என்று கேட்டால், வீட்டில் வைக்க நோரின்கோ, இடுப்பில் வைக்க டாரஸ், பழகி முன்னேற கானிக்.

நம் நாட்டுப் பொருளும் உண்டு. வெக்டர் இஸட்88 என்பது பெரெட்டா 92-இன் உள்நாட்டு வடிவம், நம் காவல்துறை பல ஆண்டு இடுப்பில் சுமந்தது. நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கத் தகுந்தது.

செகண்ட் ஹேண்ட் வாங்கினா ஏமாந்துடுவேனா?

பார்க்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். காசு மிச்சமாவது உண்மையில் இங்கேதான். வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்கள், வயதானவர்கள் எல்லாம் டீலரிடம் விட்டுச்செல்கிறார்கள். ஐம்பது தோட்டாகூடச் சுடாத துப்பாக்கிகள் பல அலமாரியில் கிடக்கின்றன. முதலில் கடைக்காரரிடம் காலியா என்று காட்டச் சொல்லுங்கள், பிறகு நீங்களும் பாருங்கள். அடுத்து, விசையை வெற்றாக இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

ரிவால்வர் என்றால் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்து ஒவ்வொரு அறையாகச் சுற்றுங்கள். முழுதாக ஏறும்போது உருளை ஒவ்வொரு முறையும் கிளிக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு விரலால் அசைத்தால் லேசான ஆட்டம் சரி, கடகடவென்று ஆடினால் வேண்டாம். சுத்தியல் ஏறிய நிலையில் விசையைத் தொடாமல் கட்டைவிரலால் அதை முன்னுக்கு அழுத்துங்கள். விழுந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிஸ்டல் என்றால் மேல்பாகத்தை உருவிக் கழற்றச் சொல்லி, தோட்டாக் கூடு வெளியேறும் திறப்பின் ஓரங்களில் மயிரிழை விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மேகசினின் உதடுகள் வளைந்திருக்கக் கூடாது. எந்தக் குழலிலும் உள்ளே ஒரு நிழல் வளையம் தெரிந்தால், எப்போதோ தோட்டா அடைத்து உப்பியிருக்கிறது என்று பொருள். துருக்குழியைவிட இது மோசம்.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். ஸ்டார், அஸ்ட்ரா என்ற ஸ்பெயின் கம்பெனிகளின் பிஸ்டல்கள் நம் ஊரில் நிறைய உண்டு. உறுதியான எஃகு, விலையும் குறைவு. ஆனால் இரண்டு தொழிற்சாலைகளும் 1997-இலேயே மூடப்பட்டவை. மேகசின் ஒன்று தேடவே அலைய வேண்டியிருக்கும். வெக்டர் சி.பி.1 என்ற பிஸ்டலைக் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற காரணத்துக்காக 2000-இல் கம்பெனியே திரும்பப் பெற்றது. அதை யாராவது மலிவாக நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.

.22 இருக்கு, தோட்டா ரொம்ப மலிவு. வீட்டுக்கு அது போதாதா?

பழக அதைவிடச் சிறந்தது இல்லை. சத்தம் குறைவு, உதைப்பு இல்லை, பயம் தெளியும். தற்காப்புக்கு நான் சொல்ல மாட்டேன். அந்த வகைத் தோட்டாவில் வெடிக்காமல் போவதும் மற்றவற்றைவிட அதிகம்.

ஷாட்கன் விலை குறைவுன்னு சொல்றாங்களே?

சரிதான். மேவரிக் 88, ஹட்சான் எஸ்கார்ட் போன்ற பம்ப் ஷாட்கன்கள் பல பிஸ்டல்களைவிட மலிவு, இயங்கும் விதமும் எளிது. பெரிய முற்றம், தோட்டம், பண்ணை வீடு உள்ளவர்களுக்குப் பொருந்தும். ஃபீனிக்சிலோ சாட்ஸ்வர்த்திலோ ஒட்டினாற்போல் வரிசை வீட்டில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் புறம் ஒரு குழந்தை தூங்குகிறது. குறுகிய நடைவழியில் நீளக் குழலைத் திருப்புவதும் சிரமம். அதோடு, முன்பு சொன்னது நினைவிருக்கட்டும்: தற்காப்புக்கு ஒன்றுதான் அனுமதி. ஷாட்கன் எடுத்தால் அந்தப் பிரிவில் கைத்துப்பாக்கி கிடையாது.

வேட்டைக்குக் கூப்பிடறாங்க. முதல் ரைஃபிள் என்ன வாங்கலாம்?

பழைய மஸ்கிரேவ். புளூம்ஃபொன்டெய்னில் செய்தது, மவுசர் அமைப்பு, .308 அல்லது .30-06. புதிய ரைஃபிளின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும், இம்பாலா மான் முதல் குடு மான் வரை போதும். மிச்சக் காசை நல்ல தொலைநோக்கியில் போடுங்கள். மலிவு தொலைநோக்கி பூட்டிய விலையுயர்ந்த ரைஃபிளைவிட, நல்ல தொலைநோக்கி பூட்டிய பழைய ரைஃபிள் குறி தப்பாது. தாத்தா காலத்து .303 யாரிடமாவது இருந்தால் அதையும் ஒதுக்க வேண்டாம், தோட்டா இன்னும் கிடைக்கிறது.

தோட்டா எவ்வளவு வாங்கி வைக்கலாம்?

லைசென்ஸ் உள்ள ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 200. சங்கத்தில் முறையாகப் பதிந்த விளையாட்டு வீரர், வேட்டைக்காரருக்கு இந்த வரம்பு இல்லை. அங்கீகாரம் பெற்ற ரேஞ்சில் வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பது இந்த 200-இல் சேராது. புதிதாக வாங்கியவர்கள் அப்படித்தான் பழக வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் 200 தோட்டா சிக்காமல் சுட்ட பிறகுதான் நான் நம்புவேன். சில பிஸ்டல்கள் குறிப்பிட்ட வகைத் தோட்டாவை விழுங்காது. அது ரேஞ்சில் தெரிய வேண்டும், இரவு இரண்டு மணிக்குத் தெரியக் கூடாது.

9 மி.மீ. எங்கும் கிடைக்கும், கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் .22-க்கு அடுத்தபடி மலிவும் அதுதான். .38 கொஞ்சம் கூடுதல். .32, .380 போன்றவற்றில் துப்பாக்கி மலிவாக வரும், தோட்டாவில் அந்தக் காசைத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

பீரோவுல பூட்டி வெச்சா போதாதா? சேஃப் விலை அதிகம்.

போதாது. 953-1 என்ற தரக்குறியீடு உள்ள சேஃப் வேண்டும், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டிருக்க வேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். பழைய சேஃப் வாங்கலாம், அதில் தவறில்லை. உள்ளே அந்தத் தரக்குறியீட்டுத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தச் செலவில் மட்டும் பேரம் பேசாதீர்கள். சாவியை சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடம் முதல் நாளே தெரியும். துப்பாக்கி உங்கள் உடலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சேஃபில் இருக்க வேண்டும். தலையணை, கார் டேஷ்போர்டு, கடை மேசை இழுப்பறை எதுவும் மூன்றாவது இடம் ஆகாது. தொலைந்தாலோ திருடுபோனாலோ, தெரிந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே குற்றம்.

கோயிலுக்கு, கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போகலாமா?

உறையில் போட்டு, உடையால் முழுவதும் மறைத்து, உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்குமானால் பொது இடத்தில் எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறது. துப்பாக்கிக்குத் தடை என்று அறிவித்த இடங்களில் கூடாது. தனியார் இடத்தில் உரிமையாளர் வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும்.

காவடி நாளில், குனிந்து விழுந்து கும்பிடும் கூட்டத்தில், சட்டையைக் கழற்றும் இடத்தில் எதற்கு? சேஃபில் வைத்துவிட்டு வாருங்கள். கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் எடுக்கிற பழக்கம் இருந்தால் கேள்வியே வேண்டாம். போதையில் துப்பாக்கியைக் கையாள்வது குற்றம்.

தெரிஞ்ச ஒருத்தர் பேப்பர் இல்லாம பாதி விலைக்குத் தர்றேங்கிறார்...

அந்த விலையில் சிறைவாசமும் சேர்ந்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 15 ஆண்டு வரை தண்டனை. தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி என்றால், 1997-ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே குறைந்தபட்சம் 15 ஆண்டு என்பதுதான் தொடக்கப் புள்ளி. தக்க காரணம் காட்டினால்தான் நீதிபதி குறைப்பார். சீரியல் எண் அழிக்கப்பட்டிருந்தால் இன்னும் மோசம். அந்தத் துப்பாக்கி யார் வீட்டில் திருடியது, யாரைச் சுட்டது என்பதும் உங்களுக்குத் தெரியாது. பரிசோதனையில் தெரிய வரும்போது அது உங்கள் கையில் இருக்கும்.

அப்பா தவறிட்டார். அவர் துப்பாக்கி அலமாரியில இருக்கு. எனக்கு வந்துடுமா?

தானாக வராது. அப்பாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. சொத்து நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர்தான் அதற்குப் பொறுப்பு. காரியம் முடியட்டும் என்று காத்திராமல் டி.எஃப்.ஓ.-விடம் தெரிவியுங்கள். டீலரிடம் பாதுகாப்பில் வைக்க ஏற்பாடு செய்வது வழக்கம். நீங்களே எடுத்துக்கொண்டு காரில் கிளம்பாதீர்கள். எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களையே கேளுங்கள். இழுப்பறையில் அப்பாவின் தோட்டாக்கள் கிடந்தால் அவையும் இதில் அடங்கும். அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லாதவர் தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது.

வைத்துக்கொள்ள விரும்பினால் மேலே நான்காவது கேள்வியில் சொன்ன அதே வழிதான்: தேர்வு, காம்பிடென்சி, உங்கள் பெயரில் லைசென்ஸ். விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதால் குறைந்த காசில் துப்பாக்கி என்றால் இதுதான். அப்பாவின் கைபட்ட பொருள் என்ற பாசத்தில் கேட்கிறீர்கள் என்று தெரியும். செயலிழக்கச் செய்து நினைவாக வைக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

லைசென்ஸ் தேதி முடிஞ்சு போச்சு. இப்ப என்ன பண்றது?

தற்காப்பு லைசென்ஸ் 5 ஆண்டு, வேட்டை, விளையாட்டு லைசென்ஸ் 10 ஆண்டு. முடிவதற்குக் குறைந்தது 90 நாளுக்கு முன் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். காலாவதியானால் துப்பாக்கியை ஒப்படைத்தாக வேண்டும் என்ற ஏற்பாடு செல்லும் என்று 2018 ஜூன் 7-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 டிசம்பர் முதல் 2020 மே வரையும், 2020 ஆகஸ்ட் முதல் 2021 ஜனவரி வரையும் பொதுமன்னிப்புக் காலம் இருந்தது, பலர் அப்போது சரிசெய்துகொண்டார்கள். இன்னொன்று வரும் என்று நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள். இந்தத் துறையில் பழகிய வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையம் போங்கள். இன்னும் காலாவதியாகாதவர்கள் கைப்பேசியில் ஆறு மாதத்துக்கு முன்பே நினைவூட்டல் வையுங்கள். செலவே இல்லாத வேலை.

தற்காப்புக்கே இனிமே தர மாட்டாங்களாமே?

2021 மே மாதம் வெளிவந்த திருத்த மசோதா வரைவில் தற்காப்பு என்ற காரணத்தை நீக்கும் யோசனை இருந்தது. பெரும் எதிர்ப்பு வந்தது. அதைச் சொல்லி "இப்பவே வாங்குங்க" என்று அவசரப்படுத்தும் வியாபாரியிடம் நிதானமாக இருங்கள்.

கள்ளன் சுவர் ஏறிக் குதிச்சா சுடலாமா?

குதித்தான் என்பதற்காக மட்டும் சுட முடியாது. உயிருக்கோ உடலுக்கோ எதிரான சட்டவிரோதத் தாக்குதல் தொடங்கியிருக்க வேண்டும் அல்லது இதோ நடக்கப்போகிறது என்ற நிலை இருக்க வேண்டும். அதைத் தடுக்க வேறு வழியில்லாமல், தாக்குதலுக்கு ஈடான அளவில்தான் பலம் பயன்படுத்தலாம். தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். வானத்தைப் பார்த்து எச்சரிக்கையாகச் சுடுவதும் வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் தகுந்த காரணமின்றிச் சுடுவதே குற்றம், மேலே போன தோட்டா எங்கோ இறங்கத்தான் செய்யும்.

குடும்பத்தை ஓர் அறையில் சேர்த்து, கதவைப் பூட்டி, போலீசையும் பாதுகாப்புக் கம்பெனியையும் அழைத்து, கதவை நோக்கிக் காத்திருங்கள். அவன் அந்தக் கதவை உடைக்கும்போதுதான் துப்பாக்கியைப் பற்றிய கேள்வியே எழுகிறது. விளையாட்டுத் துப்பாக்கியோ காற்றுத் துப்பாக்கியோ காட்டி மிரட்டலாம் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒன்று: அவற்றைக் காரணமின்றி ஒருவர்மேல் நீட்டுவதும் குற்றம், எதிரில் நிற்பவன் உண்மையானதை வைத்திருக்கலாம்.

அண்ணா, வீட்டுக்காரர் துப்பாக்கி வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். கோபம் வந்தா கை நீட்டுவார். நான் என்ன பண்றது?

அம்மா, அந்த வீட்டுக்குள் துப்பாக்கி வரக் கூடாது. மலிவோ, விலை உயர்ந்ததோ, எதுவும். விண்ணப்ப விசாரணையில் உங்களையும் கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் டி.எஃப்.ஓ.-விடம் நீங்களே போய்ச் சொல்லலாம். ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால், 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை கேட்கும்போது அதையும் குறிப்பிடுங்கள். அதைப் பறிமுதல் செய்ய நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

வீட்டில் யாராவது மனம் உடைந்து, வாழ வேண்டாம் என்று பேசுகிற நாள்களிலும் இதேதான். துப்பாக்கியை டீலரிடம் பாதுகாப்பில் விட்டுவிடுங்கள். திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை. இதை ரேஞ்சில் நிற்கும் ஒருவன் சொல்வது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. துப்பாக்கியை அருகிலிருந்து பார்த்ததால்தான் சொல்கிறேன்.

பிள்ளைங்களோட கோயம்புத்தூருக்கே திரும்பறோம். இதை என்ன செய்யறது?

கூட எடுத்துச்செல்ல முயல வேண்டாம், இந்தியாவில் இறக்குமதி விதிகள் கடுமை. டீலரிடம் விற்பனைக்கு விடுங்கள். லைசென்ஸ் மாற்றம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை என்றால் குறைந்த விலைக்கு டீலரே எடுத்துக்கொள்வார். அதுவும் முடியாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம், அதற்குக் காசு வராது. மைத்துனர் வீட்டில் ஒரு வாரம் இருக்கட்டும் என்று விட்டுப்போகாதீர்கள், ஒரு இரவுகூட.

டிக்கெட் போடுவதற்கு மூன்று மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். துப்பாக்கியையும் மீதித் தோட்டாவையும் கொடுத்ததற்கு, சீரியல் எண்ணும் தேதியும் எழுதிய ரசீதை வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். பதிவகத்தில் உங்கள் பெயர் நீங்கிவிட்டதா என்று ஒருமுறை டி.எஃப்.ஓ.-விடம் கேட்டு உறுதி செய்துகொண்டு விமானம் ஏறுங்கள்.